கத்தி பட்ட கர்ப்பப்பையில் கரு தங்குமா?

பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 33. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை நாள் தள்ளிப்போய், ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு பீரியட்ஸ் வந்தால் ஒன்பது பத்து நாள் நிற்காது. ஹீமோகுளோபின் 7.2-க்கு இறங்கி, வேலை செய்கிற இடத்திலேயே ஒருநாள் மயங்கி விழுந்திருக்கிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் தெரிந்தன. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து ஐந்து கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். பெரியது 9 செ.மீ. ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆகிறது.

இப்போது அவர் கேட்பது இவை: எனக்குக் குழந்தை தங்குமா? எப்போது முயற்சி செய்யலாம்? ஒரு கருத்தரிப்பு மையத்தில் “வயசு போகுது, உடனே டெஸ்ட் டியூப் பண்ணிடுங்க, மாதத் தவணையில் கட்டலாம்” என்கிறார்கள், நகையை அடகு வைத்துச் செய்துவிடலாமா? போன வாரம் எடுத்த ஸ்கேனில் மறுபடி 1.4 செ.மீ. கட்டி ஒன்று இருக்கிறதாம், திரும்பவும் ஆபரேஷனா? பிரசவம் சுகப்பிரசவமாக ஆகுமா? கடைசியாக, “கத்தி பட்ட பையில் கரு தங்காதுன்னு எங்கள் அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை டாக்டரம்மா” என்று முடித்திருக்கிறார்.

அம்மணி, உங்கள் மாமியாரின் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன், தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்பதால். சிசேரியன் என்றால் என்ன? கர்ப்பப்பையைக் கத்தியால் கீறித்தானே குழந்தையை எடுக்கிறோம். உங்கள் தெருவிலேயே முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து, இரண்டாவதும் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று அத்தையையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பை தசையால் ஆனது. தைத்தால் ஆறும், ஆறிய பிறகு கருவைச் சுமக்கும். கட்டி எடுத்த பிறகு குழந்தைக்கு முயன்ற பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேர் கருத்தரித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கும் கத்திதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயது, கருக்குழாய், கணவரின் விந்தணு என்று அதில் எல்லாம் கலந்திருக்கும். உங்களுக்குக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை இனி பார்க்கப்போகிற நாலைந்து விஷயங்கள்தான் சொல்லும்.

கலைந்துபோன கருவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதி, அடுத்த வரியில் “நின்றுகொண்டே வேலை பார்த்ததாலா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியளவு, கருவின் குரோமோசோம் கோளாற்றால் தானாகவே நின்றுபோனவை. உங்களுக்கு உள்ளறையை ஒட்டிக் கட்டி இருந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நார்க்கட்டி வந்ததும் நின்று வேலை செய்ததால் அல்ல. பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிற கட்டி அது. பெரும்பாலான பெண்களுக்கு ஐம்பது வயதுக்குள் சின்னதாகவோ பெரிதாகவோ வருகிறது. நிறையப் பேருக்கு இருப்பதே தெரியாது.

நீங்கள் சந்தோஷமாக எழுதிய ஒரு வரி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “முன்னெல்லாம் பத்து நாள் போகும். இப்போது ஒன்றரை நாள்தான், அதுவும் லேசாக. வயிறு மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தொல்லை தீர்ந்ததே பெரிய நிம்மதி.”

நாலு பக்கத்தில் என் கண் நின்றது இந்த இடத்தில்தான். கட்டி எடுத்த பிறகு ரத்தப்போக்கு குறைவது நல்லதுதான், அதற்காகத்தானே ஆபரேஷனே. ஆனால் பத்து நாள் போனது நாலு நாளாவது வேறு, ஒன்றரை நாள் லேசாகப் பட்டுவிட்டு நிற்பது வேறு. அதனுடன் வயிறும் இழுத்துப் பிடிக்கிறது என்றால் கொஞ்சம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்ளறை வரை போயிருந்த கட்டியை எடுத்திருந்தால், உள் சுவரில் புண் ஆறும்போது எதிரெதிர்ச் சுவர்கள் அங்கங்கே ஒட்டிக்கொள்வதுண்டு. கரு பதிய வேண்டிய மெத்தை அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகையிலிருந்து தேறிவரும் உடம்பில் போக்கு குறைவாக இருக்கவும் கூடும். ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. ஒட்டல் இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றில் கீறாமல், கீழ்வழியாகக் கேமரா விட்டு விலக்கிவிடுகிற சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

அதே சமயம், நீங்கள் அழுதுகொண்டே எழுதிய 1.4 செ.மீ. கட்டியை நான் பொருட்படுத்தவே மாட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலைப் பார்த்தேன். அது கர்ப்பப்பையின் வெளிச்சுவரில், வெளிப்பக்கமாக முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இருப்பது கரு பதிவதைத் தடுப்பதில்லை. குழந்தைப்பேற்றைக் கெடுப்பது முக்கியமாக உள்ளறைக்குள் துருத்தும் கட்டிகள்தான். தசைக்கு நடுவில் இருப்பவை அளவைப் பொறுத்து ஓரளவு கெடுக்கும். ஐந்து கட்டி எடுத்த கர்ப்பப்பையில் கைக்குத் தட்டுப்படாத விதை ஒன்றிரண்டு மிஞ்சுவது சாதாரணம். அதற்காக மறுபடி வயிற்றைத் திறந்தால், புதிதாக ஒட்டல்தான் மிச்சம். கட்டியைக் கரைக்கும் என்று யாரோ கொடுத்த லேகியமும் வேண்டாம். அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழந்தைக்கு முயற்சி செய்யும் நேரத்தில் அப்படி ஒன்று வயிற்றுக்குள் போகக்கூடாது.

முதலில் வாங்க வேண்டிய காகிதம்

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனைப் பற்றி இரண்டே வரி இருக்கிறது. ‘ஐந்து நார்க்கட்டிகள் அகற்றப்பட்டன, நோயாளி நலம்.’ இதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. ஆபரேஷன் நோட்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கும். தியேட்டரில் என்ன செய்தோம் என்று சர்ஜன் எழுதிவைப்பது. அதையும், எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட் ஒரு நிம்மதிக்கு. நார்க்கட்டி என்று நினைத்து எடுத்தது புற்றாக இருப்பது மிக அபூர்வம், ஆனாலும் ‘சாதாரணக் கட்டி’ என்று எழுத்தில் இருக்கட்டும். ஆபரேஷன் நோட்ஸில் பார்க்க வேண்டியது இது: கட்டிகள் எந்தெந்தச் சுவரில், எவ்வளவு ஆழத்தில் இருந்தன? எடுக்கும்போது உள்ளறை திறந்ததா? தசையை எத்தனை அடுக்காகத் தைத்தார்கள்? கீறல் முன்பக்கமா, பின்பக்கமா? பின்பக்கம் கீறினால் கருக்குழாய்க்கும் சினைப்பைக்கும் பக்கத்தில் ஒட்டல் விழும் வாய்ப்பு கூடுதல். எப்போது முயற்சி செய்யலாம், எப்படிப் பிரசவம் பார்ப்பது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

கேட்கத் தயங்காதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம். பெரும்பாலான இடத்தில் கேட்டாலே கொடுப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் வயிற்றுவலியோடு என்னிடம் வந்தார். வயிற்றில் பழைய தழும்பு. “ஏதோ கட்டி எடுத்தாங்க” என்றார் கூட வந்தவர். எங்கே, எவ்வளவு ஆழம், ஒன்றும் தெரியாது. காத்திருக்கலாமா, உடனே கீற வேண்டுமா என்று நான் அன்றைக்குக் குருட்டாம்போக்கில்தான் முடிவெடுத்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

டெஸ்ட் டியூப்புக்கு இப்போதே போகலாமா

இப்போதே வேண்டாம். என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வரிசை மாறக்கூடாது என்கிறேன். உள்ளறையில் ஒட்டல் இருக்கிறதா என்று பார்க்காமலே கருவை உள்ளே வைத்தால், களர் நிலத்தில் விதைத்த கதைதான். நகையும் போகும், மனசும் உடையும். ஐந்தாவது மாதத்திலேயே தவணைத் திட்டத்தைக் காட்டிய அந்த மையத்தில் ஆபரேஷன் நோட்ஸ் எங்கே என்று யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. பஸ்ஸின் பின்பக்கம் குழந்தைப் படத்தோடு வருகிற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற எரிச்சலை இங்கே கொட்ட வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

முதலில் கணவருக்கு ஒரு விந்தணுப் பரிசோதனை. ஆறு வருடத்தில் உங்களுக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி, ஒரு பெரிய ஆபரேஷன். அவருக்கு ஒரு டெஸ்ட் கூட எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “அவருக்கு ஒன்றும் இருக்காது, ஒருமுறை தங்கியதே” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. அன்றைக்கு இருந்த எண்ணிக்கை இன்றைக்கும் இருக்கும் என்று உறுதி இல்லை. அதிலும் அவர் நாள் முழுக்க பாய்லர் வெக்கையில் நிற்கிறவர். விரைகளுக்கு உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும், தொடர்ந்த சூடு விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்துவிட்டுக் கொடுக்கிற சாதாரண டெஸ்ட்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில், ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்பது கீழ் எல்லை. குறைந்திருந்தால் ஒரே ரிப்போர்ட்டை நம்பாமல் சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் வேலையில் இடத்தை மாற்றிக்கொண்டாலும் புகையை நிறுத்தினாலும், பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இதை அவரிடம் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லாதீர்கள். என் பதிலின் இந்தப் பகுதியை அவர் கையில் கொடுத்துவிட்டாலே போதும்.

அடுத்து உங்களுக்கு எச்.எஸ்.ஜி. எனப்படும் டியூப் டெஸ்ட். பீரியட்ஸ் வந்த முதல் நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் எடுப்பது. கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பதும் தெரியும், உள்ளறையில் ஒட்டல் இருந்தால் அதன் நிழலும் தெரியும். உங்கள் சந்தேகம் இரண்டுக்கும் ஒரே டெஸ்ட். கொஞ்சம் வலிக்கும், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அதில் சந்தேகம் வந்தால் கேமரா பரிசோதனை. உங்கள் ஏ.எம்.எச். 1.6 என்று போட்டுக் கீழே கோடு இழுத்திருக்கிறீர்கள். அது முட்டை இருப்பைச் சொல்லும் அளவு. இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்பதை அது சொல்லாது. உங்கள் வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நகையை எடுத்துக்கொண்டு ஓடுகிற அளவுக்கு அவசரம் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரின் ஒப்புதலோடு ஆறாவது மாதத்திலிருந்து இயற்கையாக முயலுங்கள். தையல் ஆறுவதற்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் சொல்வோம். ஆழமாகவும் நிறையவும் கீறியிருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல். அதுவரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஓர் ஆறு மாதம் கொடுங்கள். 35-ஐ நெருங்குவதால் வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 28 நாள் சுழற்சி என்றால் பத்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். அதற்குப் பிறகு காலைத் தூக்கி வைத்துப் படுத்துக் கிடக்கத் தேவையில்லை.

இரண்டு குழாயும் அடைத்திருந்தால், அல்லது விந்தணு மிகக் குறைவாக இருந்தால், வீணாகக் காத்திருக்காமல் டெஸ்ட் டியூப்புக்கே போகலாம். அப்போதும் இரண்டு விஷயம் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றதா? ஒரே கருவை மட்டும் வைப்பார்களா? “இரண்டு வைத்தால் ஒன்றாவது நிற்கும், இரட்டையாக வந்தால் இன்னும் நல்லது” என்று ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து இடத்தில் தைத்த கர்ப்பப்பை ஒரு குழந்தைக்கு விரிவது வேறு, இரண்டுக்கு விரிவது வேறு.

ரத்தம் ஏறட்டும்

இப்போது ஹீமோகுளோபின் 10.4. கர்ப்பத்துக்கு முன் 12-ஐத் தொட வேண்டும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தமாகிவிடாது. பேரீச்சையும் அவ்வளவு பெரிய மருந்து அல்ல. கம்மஞ்சோறு, முருங்கைக்கீரை, எள்ளு எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் நீங்கள் விழுந்த குழியை மூட மாத்திரைதான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். கூடவே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், இன்றைக்கே ஆரம்பியுங்கள். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரசவம்

சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று மனசில் பிடித்துவைத்திருக்கிறீர்கள். 9 செ.மீ. கட்டி எடுத்த தசையில் பிரசவ வலியை ஏற விடுவதற்கு நான் தயங்குவேன். தையல் விட்டுக் கர்ப்பப்பை கிழிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் கிழிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிடக் கணக்கில் ஆபத்து. அதனால் ஆழமாகக் கீறியிருந்தாலோ உள்ளறை திறந்திருந்தாலோ, வலி வருவதற்கு முன்பே 37-ஆவது வாரத்தை ஒட்டித் தேதி குறித்து சிசேரியன் செய்வதுதான் வழக்கம். இதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சின்னக் கட்டி, அதுவும் மேலோட்டமாக என்றால் கதை வேறு. மறுபடியும் அந்த ஆபரேஷன் நோட்ஸ்தான்.

நாள் தள்ளிப்போனதும் முதல் ஸ்கேனிலேயே டாக்டரிடம் பழைய ஆபரேஷனைச் சொல்லுங்கள். ஐந்தாவது மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி தழும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மாதங்களில் திடீரென்று விடாத வயிற்றுவலி, ரத்தப்போக்கு, மயக்கம், குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில், தாளவாடியில், என்று இப்போதே பேசிவைத்திருக்கிறீர்களாம். வளைகாப்பு போட்டு அழைத்துப் போகட்டும், நாலு நாள் இருந்து ஒப்பிட்டு (போளி) சாப்பிட்டுவிட்டு ஏழாவது மாதத்திலேயே இறங்கி வந்துவிடுங்கள். அவசரம் என்று வந்தால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ரத்த வங்கியும் மயக்க டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அம்மாவை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி இருந்தது: பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதாக (தீ மிதிப்பதாக) வேண்டிக்கொண்டிருக்கிறேன், இறங்கலாமா? ஆறு மாதத்துக்குப் பிறகு வயிற்றுத் தையலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்காக வரிசையில் நிற்பதுதான் உங்கள் ஹீமோகுளோபினுக்குச் சிரமம். விரதம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். அதற்குள் நாள் தள்ளிப்போயிருந்தால் இந்த வருடம் கணவரை இறங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் நிழலில் உட்கார்ந்து பாருங்கள்.